ஓட விரும்பும் மாதரும் கடைக்காரர் அளவுகோலும்

சட்டம் ஒரு கதவைத் திறந்துவிட்டால் எல்லோரும் அதன் வழியே உள்ளே சென்றுவிடலாம் என்று நம்புவது வக்கீல் தொழில் பழகியவர்களின் இயல்பு. கதவின் தாழ் நீங்கிற்றா என்று பார்ப்போமேயன்றி, உள்ளே செல்ல வேண்டியவர்களுக்கு அங்கே செல்வதற்குரிய சாதனங்கள் உண்டா என்று நாம் விசாரிப்பதில்லை. மேனாட்டு மாதர் ஓட்டப் பந்தயத்தில் கலந்துகொள்ளும் உரிமையைப் பெற்ற சரித்திரத்தையும், அவ்வுரிமை கைக்கு வந்த பின்னரும் அவர்களில் ஒரு பெரும் பகுதியார் மைதானத்தின் வேலிக்கு வெளியிலேயே நிற்க நேர்ந்த காரணத்தையும் ஆராய்வோர்க்கு இவ்வுண்மை தெற்றென விளங்கும். அக்காரணம் சர்க்காருமன்று, மதமுமன்று. அது ஒரு துணி. நிறைந்த உடற்கட்டுடைய ஒரு ஸ்திரீ ஓடுவதற்கு வேண்டிய உறுதியான மார்க்கச்சு கடையில் கிடைக்கவில்லை என்பதே அது.

இத்தகைய விஷயத்தை அரசியல் பேசும் பக்கத்தில் எழுதலாமா என்று நமது நேயர்களில் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். பழந்தமிழ்ப் புலவர்கள் கச்சைப் பற்றிப் பாடியதைச் சபையிலே வாய்விட்டுப் படித்துப் பொருள் சொல்லும் நமக்கு, அதையே ஒரு தொழிலாளி வீட்டுப் பெண் தன் தேகாரோக்கியத்தின் பொருட்டு விலைகொடுத்து வாங்க முயல்வதைப் பற்றிப் பேசும்போது மட்டும் வெட்கம் வருவானேன்? அழகுக்காகப் பேசலாம், அவசியத்துக்காகப் பேசலாகாது என்னும் இந்த நாகரிகம் நமக்கு விளங்கவில்லை. நேயர்கள் பொறுத்தருளி மேலே படிப்பார்களாக.

பெண்டிர் நெடுந்தூரம் ஓடினால் உடல் கெடும் என்று ஐரோப்பாவின் பெரிய மனிதர்கள் வெகு காலம் சொல்லி வந்தார்கள். 1928-ஆம் வருஷத்து ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் மாதர்க்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தனர். ஓடி முடித்தவர்கள் களைத்து வீழ்ந்தார்கள் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. உடனே அப்பந்தயம் நீக்கப்பட்டு, 1960 வரையில் திரும்ப வரவேயில்லை. ஓடி முடித்த ஆடவர் களைத்து வீழ்வது வீரமென்று எழுதும் கை, பெண் வீழ்ந்தால் விபரீதமென்று எழுதியது. 1967-ல் பாஸ்டன் மாரதானில் காத்ரின் ஸ்விட்ஸர் என்னும் மாது 261 என்ற இலக்கத்தை அணிந்து ஓடிக்கொண்டிருந்தபோது, பந்தய அதிகாரி ஒருவர் பின்னால் ஓடிச் சென்று அந்த இலக்கத்தைப் பிய்த்தெறிய முயன்றதைப் படத்திற் பார்க்காதவர் சிலரே. 1972-ல் அப்பந்தயத்தில் மாதர்க்கு முறைப்படி இடம் கிடைத்தது. அதே வருஷத்தில் அமெரிக்கக் காங்கிரஸ், சர்க்கார் பணம் பெறும் கல்விச் சாலைகளில் ஆண் பெண் என்ற பேதம் காட்டலாகாதென்று சட்டம் செய்தது. 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் முதன்முதலாக மாதர் மாரதான் நடைபெற்று, ஜோன் பெனாய்ட் வெற்றி பெற்றார். சட்டத்தின் கதை இவ்வளவே. வக்கீல்கள் இங்கே புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

ஆனால் உடலின் கதை இதோடு முடியவில்லை. மகளிர் மார்பில் அதனைத் தாங்கும் தசை கிடையாது. மேலே போர்த்திய தோலும், உள்ளே மெல்லிய இழைகளான தந்துக்களுமே தாங்கி நிற்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்ட்லி கூப்பர் என்ற ஆங்கில சஸ்திர வைத்தியர் விவரித்தமையால், அவ்விழைகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. ஓடும்போது மார்பு மேலுங்கீழும் மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் அசைகிறதென்றும், அவ்வசைவு எட்டு என்னும் இலக்கத்தின் வடிவை ஒத்திருக்கிறதென்றும் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். பாரம் அதிகமானால் அசைவும் அதிகம். அசைவு அதிகமானால் வலியும் அதிகம். 2012-ஆம் வருஷத்து லண்டன் மாரதானை ஒட்டி 1,285 மாதரை விசாரித்ததில் 32 சதவீதத்தினர் மார்பு வலியுண்டென்று கூறினர்; கச்சின் அளவு பெரிதாகப் பெரிதாக வலியுடையோர் தொகையும் உயர்ந்தது. இவர்களோ மாரதான் ஓடும் அளவுக்குப் பழகியவர்கள். வலி தாங்காமல் முதல் வாரத்திலேயே வீட்டோடு நின்றுவிட்டவர்கள் இக்கணக்கில் சேர்ந்தவர்களல்லர். ஜனத்தொகைக் கணக்கில் இறந்தவர்கள் வந்து பெயர் சொல்ல முடியாததுபோலவே இதுவும்.

ஆடவர்க்கு இடுப்பிற் கட்டும் விளையாட்டுக் கச்சை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டது. மாதர்க்கு அதற்கொப்பான ஒன்றைச் செய்ய வேண்டுமென்று உலகத்தின் நெசவாலை முதலாளிகளுக்கும் விஞ்ஞானிகளுக்கும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு தோன்றவில்லை. சந்திர மண்டலத்தில் மனிதன் கால் வைத்தது 1969-ல்; ஓடும் ஸ்திரீக்கு ஒரு கச்சு தைத்தது 1977-ல்! அதையும் முதலாளிகள் செய்யவில்லை. வெர்மான்ட் மாகாணத்து பர்லிங்டன் நகரில் லிஸா லிண்டால் என்னும் மாது தினந்தோறும் ஓடும் வழக்கமுடையவர். சாதாரண உள்ளாடையுடன் ஓடுவதில் படும் அவஸ்தையை அவருடைய சகோதரியும் பட்டார். ஆடவர்க்கு உண்டே, நமக்கு ஏன் இல்லை என்று இருவரும் தொலைபேசியில் நகைத்துப் பேசிய பேச்சிலிருந்தே காரியம் பிறந்தது. நாடக உடை தைப்பதில் வல்லவரான பாலி ஸ்மித்தும், அவருக்கு உதவியாயிருந்த ஹிண்டா மில்லரும் சேர்ந்தனர். ஆடவர் கச்சை இரண்டை வாங்கி, பிரித்து, ஒன்றாய்த் தைத்து, மார்பிலே மாட்டி ஓடிப் பார்த்தனர். ‘ஜாக்பிரா’ என்ற பெயருடன் அது கடைக்கு வந்தது. 1979-ல் காப்புரிமையும் கிடைத்தது. விளையாட்டுச் சாமான் விற்கும் கடைக்காரர்கள், “எங்கள் கடையில் உள்ளாடை தொங்குவதா?” என்று தயங்கினார்களாம். இது உள்ளாடையன்று, பந்தும் மட்டையும் போன்ற விளையாட்டுச் சாதனமே என்று அம்மாதர் வாதாடி விற்றனர். இந்த வாதம் எந்த ஹைகோர்ட்டிலும் செல்லுபடியாகும். 2022-ல் மூவரையும் அமெரிக்க தேசியக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்திற் சேர்த்துக் கௌரவித்தார்கள். காரியம் நடந்து 45 வருஷங்களுக்குப் பின்.

ஆங்கிலத்தில் ‘ஸ்போர்ட்ஸ் பிரா’ என்று வழங்கும் இதனை இக்கட்டுரையில் ஓட்டக்கச்சு என்றே குறிப்போம். இதில் இரண்டு வகையுண்டு. ஒன்று, மார்பு முழுவதையும் சேர்த்து நெஞ்சோடு அழுத்திப் பிடிப்பது. மற்றொன்று, இரு பக்கத்துக்கும் தனித்தனிக் கிண்ணம் வைத்துத் தாங்குவது. மெலிந்த உடற்கட்டுடையோர்க்கு முதல் வகை போதும். தைக்கவும் எளிது, மடித்து வைக்கவும் எளிது. நிறைந்த உடற்கட்டுடையோர்க்கு அது பயன்படாது. அழுத்தினால் மூச்சுத் திணறும், தளர்த்தினால் தாங்காது. அவர்களுக்கு வேண்டியது இரண்டாம் வகை, அல்லது இரண்டும் கலந்தது. கடைகளில் மலிந்து கிடப்பதோ முதல் வகையே.

இதற்குக் காரணம் அளவுகோல். ஆடவராகிய நாம் நல்ல சட்டை வாங்கும்போது கழுத்தளவு வேறு, கையளவு வேறு என்று கேட்டு வாங்குகிறோம். கழுத்துப் பருத்தவனுக்கெல்லாம் கை நீண்டிருக்கும் என்று எந்தத் தையற்காரனும் கருதுவதில்லை. கச்சுக்கும் அவ்வாறே இரண்டு அளவுகள் உண்டு: மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றி வரும் பட்டையின் அளவு ஒன்று, கிண்ணத்தின் அளவு ஒன்று. பட்டையளவுக்கும் மார்பின் சுற்றளவுக்கும் உள்ள வித்தியாசம் ஓரங்குலம் கூடக் கூட, கிண்ணத்துக்கு ஓர் எழுத்து மேலே போகும். அமெரிக்காவில் இவ்வெழுத்துமுறை 1930-களிலேயே ஏற்பட்டுவிட்டது. அப்படியிருக்க, ஓட்டக்கச்சு விற்கும் பெரிய கம்பெனிகள் பல இவ்விரண்டளவையும் ஒன்றாக்கி, சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று நான்கு பெட்டிகளில் அடைத்துவிட்டன. விலா ஒடுங்கி மார்பு நிறைந்த ஒரு மாதுக்கு இதில் இடம் எது? பெரியதை எடுத்தால் கிண்ணம் ஒருவாறு போதும், பட்டை தொளதொளவென்று தொங்கும். சிறியதை எடுத்தால் பட்டை பொருந்தும், மற்றது பிதுங்கும். பாரத்தைத் தாங்குவதில் பெரும் பங்கு பட்டைக்கே உரியது, தோள்வாருக்கு அன்று. பட்டை தளர்ந்தால் பாரமெல்லாம் தோளில் இறங்கி, வார் அறுத்துத் தழும்பு உண்டாகும். ஓடி வந்த மாது, “தோள் வலிக்கிறது” என்பார். வீட்டிலுள்ளோர், “ஓடாதே” என்பார்கள். பட்டையைப் பார்ப்பவர் எவருமில்லை.

அன்றியும் எழுத்துக்களிலும் ஒழுங்கில்லை. பிரிட்டிஷ்காரர் ‘டிடி’க்கு மேல் ‘இ’ என்பர். அமெரிக்கர் அதையே ‘டிடிடி’ என்றும் ‘எஃப்’ என்றும் எழுதுவர். லண்டனில் ‘எஃப்’ என்று கேட்டு வாங்கிப் பழகினவர் நியூயார்க்கில் அதே எழுத்தைக் கேட்டால் வேறளவு வந்து சேரும். ஆங்கிலேயர் தம் பழைய பவுனையும் ஷில்லிங்கையும் கொண்டு உலகத்தைக் கணக்குப் போட வைத்தது போதாதென்று இதிலும் அவ்வாறே. இந்தக் குழப்பம் சிறிய அளவுகளில் இல்லை; ‘ஏ’யும் ‘பி’யும் ‘சி’யும் இரு தேசத்திலும் ஒன்றே. நிறைந்த உடற்கட்டுடையோர் வாங்கும் இடத்திலேதான் எழுத்துக்கள் பிரிந்து போகின்றன.

இனி, கடைக்குச் சென்று வாங்கும் அனுபவம். மேனாட்டு மாதர் பலர் இதைப் பற்றி எழுதியுள்ளவற்றைப் படித்தால் ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறது. முன் கண்ணாடியில் ஒல்லியான பொம்மைக்கு மேல் அழகிய வர்ணக் கச்சு. உள்ளே சென்றால் அவ்வர்ணம் தம் அளவில் இல்லை. தம் அளவில் உள்ளது ஒன்றே, அதுவும் ஆஸ்பத்திரிக் கட்டுப்போல வெள்ளையிலோ பழுப்பிலோ. விலை மட்டும் அதிகம். அல்லது, “கடையில் வைப்பதில்லை, தருவித்துக் கொடுக்கிறோம்” என்ற பதில். போட்டுப் பார்க்காமல் தருவித்துப் பயன் என்ன? செருப்பைக் காலில் மாட்டிப் பார்க்காமல் வாங்குவார் உண்டா? பலர் இரண்டு கச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து ஓடுகிறார்கள். வேர்வையும் உராய்வும் எப்படியிருக்கும் என்று நேயர்களே ஊகிக்கலாம். கீழாடையின் கதையும் இதுவே. தொடைகள் உராய்ந்து புண்ணாகாமல் காக்கும் நீண்ட காற்சட்டை அவர்களுக்கே முக்கியமாக வேண்டும். அதுவோ பல கடைகளில் அவர்கள் அளவுக்கு முன்னரே நின்றுவிடும். கிடைத்தாலும் இடுப்புப் பட்டை சுருண்டு இறங்கிவிடும். ஓடுவதற்கென்று வீட்டை விட்டுப் புறப்பட்ட ஒரு ஸ்திரீ, ஓடத் தொடங்குமுன் இத்தனை வாயில்களைக் கடக்க வேண்டும்.

நம்மை அதிகமாகக் கவர்ந்த நிகழ்ச்சி 2008, 2009 வருஷங்களில் பிரிட்டனில் நடந்தது. அது ஓட்டக்கச்சைப் பற்றியதன்று. எல்லாக் கச்சுகளையும் பற்றியது. ஆயினும் நியாயம் ஒன்றே. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்ஸர் என்னும் பெருங்கடை, ‘டிடி’ முதலான பெரிய அளவுகளுக்கு 2 பவுன் வரை மேல் விலை வைத்து விற்றது. துணி அதிகம், வேலை அதிகம் என்பது அவர்கள் சொன்ன சமாதானம். ஓர் இளம் மாது இதை எதிர்த்துக் கிளம்பினார். அவர் கடைக்குக் கல்லெறியவில்லை, வழக்கும் தொடுக்கவில்லை. ஃபேஸ்புக்கில் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டினார். பிறகு அக்கம்பெனியின் பங்கு ஒன்றே ஒன்று, ஏறக்குறைய மூன்றரைப் பவுன் விலையில் வாங்கினார். பங்குதாரர் என்ற ஹோதாவில் வருஷாந்தரக் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்பதே அவர் நோக்கம். கூட்டம் வரும்வரை கம்பெனி காத்திருக்கவில்லை. 2009 மே மாதத்தில், தவறிவிட்டோம் என்று பத்திரிகைகளில் விளம்பரம் செய்து, மேல் விலையை நீக்கி, சில நாட்களுக்கு எல்லாக் கச்சுகளுக்கும் 25 சதவீதம் தள்ளுபடியும் கொடுத்தது. சத்தியாக்கிரகத்தின் பெயரைக்கூட உச்சரிக்காமல் அதன் முறையைக் கையாண்ட அம்மாதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

துணி அதிகம் என்ற சமாதானத்தைச் சற்று ஆராய்வோம். அது நியாயமாயின், மிகச் சிறிய அளவு வாங்கும் மாதுக்குத் துணி மிச்சமான கணக்கில் அக்கடை விலையைக் குறைத்ததா? இல்லை. சிறியதற்கும் நடுத்தரத்துக்கும் ஒரே விலை. குறிப்பிட்ட ஓர் எழுத்தைத் தாண்டியவுடன் திடீரென்று கணக்குப் பார்க்கும் புத்தி பிறக்கிறது. இது விலையன்று, வரி. உடம்பின் மேல் விதித்த வரி. உப்பின்மேல் வரி போட்டவன், “எல்லோருக்கும் ஒரே வரிதானே” என்றாவது சொல்லிக்கொள்ள முடிந்தது. இங்கே அந்தப் போலிச் சமாதானத்துக்கும் இடமில்லை.

2019-ஆம் வருஷத்தில் லண்டன் ஆக்ஸ்ஃபர்ட் வீதியிலுள்ள நைக்கி கடையில், விளையாட்டு உடை உடுத்திய பருத்த பொம்மை ஒன்றை நிறுத்தினார்கள். அக்கம்பெனி பெரிய அளவு உடைகளைத் தனி வரிசையாக 2017-லேயே வெளியிட்டிருந்தது. பொம்மை வர மேலும் இரண்டு வருஷம் பிடித்தது. பொம்மை வந்ததும் பிரபல லண்டன் தினசரி ஒன்றில், இப்படிப்பட்ட உடம்புடையவள் ஓட மாட்டாள், ஓடவும் முடியாது என்ற கருத்தில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அதற்கு மறுமொழியாக அதே உடற்கட்டுடைய மாதர் பலர் மாரதான் ஓடிப் பெற்ற பதக்கங்களைக் கழுத்தில் மாட்டிப் படம் எடுத்து வெளியிட்டனர். அக்கட்டுரையின் தர்க்கத்தைக் கவனியுங்கள். பருத்திருக்கிறாய், ஆகையால் ஓடி இளை என்று ஒருநாள் உபதேசம். ஓடுவதற்கு உடை கேட்டால், பருத்திருக்கிறாய், உனக்கேன் ஓட்ட உடை என்று மறுநாள் பரிகாசம். நீந்தக் கற்றுக்கொண்ட பிறகே தண்ணீரில் இறங்கலாம் என்பதற்கும் இதற்கும் என்ன பேதம்? மேலும், இளைப்பதற்காகவே எல்லோரும் ஓடுகிறார்கள் என்று யார் சொன்னது? மனத்துக்கு உற்சாகம், நல்ல உறக்கம், தோழிகளின் கூட்டுறவு, வெறும் சந்தோஷம் என்று ஆடவர்க்குள்ள காரணங்களெல்லாம் அவர்களுக்கும் உண்டு.

இதனால் விளையும் நஷ்டம் வயது வந்தவர்களோடு நிற்பதில்லை. போர்ட்ஸ்மத் ஆராய்ச்சியாளர்கள் 11 முதல் 18 வயது வரையிலுள்ள 2,089 மாணவிகளை விசாரித்து 2016-ல் வெளியிட்ட அறிக்கையில், 46 சதவீதத்தினர் பள்ளிக்கூட விளையாட்டில் தாம் கலந்துகொள்வதைத் தம் மார்பின் நிலை பாதிக்கிறதென்று கூறியிருந்தனர். 87 சதவீதத்தினர் இவ்விஷயத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்று கேட்டனர். சொல்லிக் கொடுப்பார் இல்லை. மாணவி வயிற்றுவலி என்று ஓரமாய் உட்கார்ந்துவிடுகிறாள். உபாத்தியாயர் சோம்பேறி என்று குறித்துக்கொள்கிறார். ருமேனியாவின் புகழ்பெற்ற டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப் தம் பதினேழாம் வயதில், 2009-ல், ஆட்டத்துக்கு இடையூறாயிருந்ததென்று மார்பின் அளவைச் சஸ்திர சிகிச்சையால் குறைத்துக்கொண்டார். பின்னர் உலகத்தில் முதல் ஸ்தானத்தையும் பெற்றார். அவர் முடிவு அவருடையது. அதில் பிறர் தலையிட நியாயமில்லை. ஆனால் அத்தனை பேரும் கத்தியின் கீழ்ப் படுக்க முடியுமா? மறுபுறம், இங்கிலாந்து தேசிய மகளிர் கால்பந்துக் குழுவினர்க்கு அதே போர்ட்ஸ்மத் ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொருவராக அளந்து பார்த்து, தக்க கச்சைத் தேர்ந்து கொடுத்தனர். 2022-ல் அக்குழு ஐரோப்பியக் கோப்பையை வென்றது. கச்சினால் வென்றார்கள் என்று நாம் சொல்லவில்லை. தேசத்தின் கௌரவம் சம்பந்தப்பட்டபோது ஒவ்வொருவராக அளப்பது சாத்தியமாயிற்று என்பதையே சொல்லுகிறோம்.

வியாபாரிகள் தரப்பையும் கேட்க வேண்டியது நியாயம். அளவுகள் அதிகமானால் சரக்கு தேங்கும்; கேட்பவர் சிலரே; முதல் முடங்கும் என்பர். பட்டைக்கு ஏழு அளவும் கிண்ணத்துக்கு எட்டு எழுத்தும் வைத்தால் ஒரே மாதிரிக் கச்சுக்கு 56 பெட்டிகள் வேண்டும் என்பது மெய்தான். சிறு கடைக்காரன் அத்தனையும் வைக்க முடியாது. ஆனால் கேட்பவர் சிலர் என்பதை நாம் ஒப்பமாட்டோம். ஒருமுறை வந்து இல்லையென்ற பதில் கேட்டுச் சென்றவர் மறுமுறை வந்து கேட்பதில்லை. கேட்காதவரைக் கணக்கிலெடுத்துத் தேவையில்லை என்று தீர்ப்பது, வாக்குரிமை கொடாமலே, ஜனங்கள் சுயராஜ்யம் விரும்பவில்லை என்று சொன்ன துரைமார் வாதத்தை ஒத்திருக்கிறது. அமெரிக்காவின் மான்டானா மாகாணத்தில் ஹாவர் என்னும் சிற்றூரில் கைப்பந்தாட்டம் ஆடி வந்த ரெனெல் பிராட்டன் என்ற மாது, தம் உடற்கட்டுக்கு ஒன்றும் கிடைக்காமையால் 1990-களில் தாமே ஒரு கச்சை உருவாக்கினார். முன்புறத்தில் வரிசையாகக் கொக்கிகள் வைத்து இறுக்கும் அக்கச்சு ‘எனெல்’ என்ற பெயரில் இன்றளவும் நிறைந்த உடற்கட்டுடையோரிடையே பிரசித்தம். வாங்குவோர் இல்லையென்றால் அது எப்படி நிலைத்தது?

இவையெல்லாம் கடல் கடந்த செய்திகள். ஆயினும் அவற்றைத் தைக்கும் கைகள் நமக்கு அந்நியமல்ல. பின்னலாடையைக் கப்பலேற்றுவதில் இந்தியாவில் முதலிடம் பெற்றது நமது திருப்பூர். இலங்கையில் 1987-ல் தோன்றிய எம்.ஏ.எஸ். ஹோல்டிங்ஸ், நைக்கி முதலிய மேனாட்டுக் கம்பெனிகளுக்கு விளையாட்டுக் கச்சு தைத்துக் கொடுப்பதில் பேர் பெற்றது. 2009-ல் யுத்தம் ஓய்ந்த பின்னர் கிளிநொச்சியிலும் தொழிற்சாலை ஏற்படுத்திற்று. பிற தேசத்தார் உடம்புக்கு அரை அங்குலமும் பிசகாமல் தைக்கும் திறமை நம்மவர்க்கு உண்டு. நம் மாதர் உடம்பின் அளவு மட்டும் நம்மிடம் இல்லை. நம் கடைகளில் தொங்கும் உடைகளிலுள்ள அளவெழுத்துக்கள் அமெரிக்கருக்கும் ஆங்கிலேயருக்கும் வகுத்தவை. இக்குறையை நீக்கக் கருதி, நிஃப்ட் என்னும் தேசிய ஆடைக்கலைக் கல்விச்சாலை, ஆறு நகரங்களில் 25,000 பேரை அளந்து இந்திய அளவுமுறை வகுக்கும் வேலையை மேற்கொண்டது. சுதேசித் துணி கேட்டோம். சுதேசி அளவும் வேண்டாமா? அவ்வளவுமுறையில் நிறைந்த உடற்கட்டுடைய மாதர் கடைசிப் பெட்டியில் ஒரே குவியலாய்த் தள்ளப்படாமல், பட்டைக்கும் கிண்ணத்துக்கும் தனித்தனி இலக்கம் பெற வேண்டும். திருப்பூர் முதலாளிகள் சங்கங்கள் இதனை இப்போதே வற்புறுத்திக் கேட்க வேண்டும். அட்டவணை அச்சாகிய பின் கேட்டுப் பயனில்லை.

அதுவரையில் நம் வீட்டு மாதரில் ஓட விரும்புவோர் கடையில் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறோம். அளவு நாடாவை மார்புக்குக் கீழே விலாவோடு ஒட்டிப் பிடித்து ஒன்றும், மார்பின் மீது தளர்வாய்ப் பிடித்து ஒன்றும் எடுத்துக் குறித்துக்கொண்டு செல்க. கச்சை மாட்டியபின் பட்டைக்குள் இரண்டு விரலுக்கு மேல் நுழையுமானால் அது தளர்ச்சி. இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தும்போது பட்டை மேலே ஏறினாலும் தளர்ச்சியே. கிண்ணத்தின் ஓரத்தில் பிதுங்கல் இருந்தால் ஓரெழுத்து மேலே செல்க. தோள்வார் அகலமாயும் கூட்டிக் குறைக்கத் தக்கதாயும் இருக்கட்டும். மாட்டிப் பார்க்கும் அறையிலேயே பத்துத் தடவை குதித்துப் பார்க்க வேண்டும். கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்று கூச வேண்டுவதில்லை. புதிதாய் வாங்கும்போது கடைசிக் கொக்கியில் பொருந்துவதையே எடுத்தால், துவைக்கத் துவைக்க நெகிழும்போது உள்கொக்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். நெகிழ்ந்து போனதைச் சிக்கனம் என்று வைத்திருத்தல் வீண். அளவில்லை என்று கடைக்காரர் சொன்னால், இல்லாத அளவை ஒரு சீட்டில் எழுதி அவரிடமே கொடுத்துவிட்டு வருக. உடன் செல்லும் கணவரும் சகோதரரும் விலையைக் கண்டு வாசலில் நின்று முணுமுணுக்காமல், தாம் கிரிக்கெட் மட்டைக்குக் கொடுத்த விலையை ஒருமுறை மனத்துக்குள் நினைத்துப் பார்த்துக்கொள்வார்களாக.